வேன் டெம்பரேச்சர் முள் சரியில்லை: சென்சாரை மாற்றுவதா, சோதித்துப் பார்ப்பதா, கடையில் விடுவதா?

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் பிக்கப், காவேரிப்பட்டணத்தில் மாங்காய் ஏற்றும் டாடா ஏஸ், ஒகேனக்கலுக்கு ஆள் ஏற்றும் டிராவலர், எதுவானாலும் டிரைவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணா, ஹீட் முள் எச்-ல போய் நிக்குது, ஆனா வண்டி சூடான மாதிரியே இல்ல, என்ன பண்றது?" இதற்கு நேர் எதிராகவும் கேட்பார்கள், எவ்வளவு ஓட்டினாலும் முள் சி-யை (எச் சூட்டுப் பக்கம், சி குளிர்ச்சிப் பக்கம்) விட்டு எழுவதே இல்லை, அப்படியே விட்டுவிடலாமா என்று. பக்கத்தில் நிற்கும் ஒருவர் சென்சாரை மாத்து என்பார், இன்னொருவர் மீட்டர் போச்சு என்பார், மூன்றாவது ஆள் தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றிப் போட்டுவிடு, அப்புறம் தொல்லையே இருக்காது என்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பார்ட்டையும் வாங்குவதற்கு முன்னால் இன்ஜின் உண்மையில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை, டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், வேறொரு வழியில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும். கீழே ஒவ்வொரு வழியையும் எடை போட்டிருப்பது இந்த எண்ணத்தோடுதான்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, இந்த வழி இன்ஜினின் உண்மைச் சூட்டைச் சொல்லுமா, இல்லை மீட்டர் வேலை செய்கிறதா என்பதை மட்டும் சொல்லுமா. இரண்டு, செலவு, அதில் கைக்காசு மட்டும் சேராது, வண்டி ஒரு நாள் ஓடாமல் நின்றால் போகும் லோடும் சேரும், மாங்காய் சீசனில் அதுதான் பெரிய தொகை. மூன்று, உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா, ஏனென்றால் பழைய ஓம்னியிலும் பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) பிக்கப்பிலும் முள்ளை நகர்த்தும் முறையே வேறு. நான்கு, முடிவு தப்பாகப் போனால் என்ன ஆகும்.

இந்த நான்காவதுதான் எனக்கு முக்கியம். முள் சும்மா சும்மா எச்-க்குப் போனால் வண்டியை ஓரம் கட்டுவீர்கள், நேரம் போகும், அவ்வளவுதான். இன்ஜின் கொதிக்கும்போது முள் கீழேயே கிடந்தால் சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயை லோடோடு ஏறி முடிப்பதற்குள் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும், ஹெட் வளைந்துவிட்டால் லேத் வேலை, கூலி, கேஸ்கெட் செட் எல்லாம் சேர்ந்து எளிதில் பத்தாயிரத்தைத் தாண்டும். ஆகவே கீழே கிடக்கும் முள்ளைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும், ஆனால் நம் ஆட்கள் எச் பக்கம் போனால்தான் பதறுகிறார்கள்.

## கருவி எடுப்பதற்கு முன்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன், ரேடியேட்டரிலும் பக்க டப்பாவிலும் கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் தண்ணீர்) அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே பிரஷரில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்த அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைவாக இருந்தால் சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும், அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் இறங்கிவிடும். ஏற்றத்தில் முள் மேலே போய்விட்டுத் திடீரென்று கீழே விழுந்தால் "ஆறிடுச்சு" என்று நினைத்து மிதிக்காதீர்கள், உடனே நிறுத்துங்கள்.

அப்புறம், சாவியை ஆன் செய்து முள்ளைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போட்டதும் முள் நேராக எச்-க்குத் தாவினால் அது சூடு இல்லை, சென்சாருக்குப் போகும் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது, அல்லது சென்சார் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும் வகை, அதனால் ஒயர் பாடியில் பட்டால் மீட்டருக்கு அது மிக அதிகச் சூடாகத் தெரியும், ஒயர் அறுந்தால் பச்சைத் தண்ணீராகத் தெரியும். தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயரையும் மறக்காதீர்கள். ஹெட்லைட் போட்டதும் முள் ஆடினால் எர்த் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) கோளாறு. டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் ஒன்றாகக் கோணல் காட்டினால் இன்ஜின் பக்கமே போக வேண்டாம், மீட்டர் போர்டின் எர்த்தோ அதற்கு வரும் கரண்ட்டோதான் காரணம். இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

## வழி 1: நேராகச் சென்சாரை மாற்றுவது

பலர் செய்வது இதுதான், காரணமும் புரிகிறது, பழைய வண்டிகளின் சென்சார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மாற்றவும் அதிக நேரம் ஆகாது. ஆனால் இது சோதனை இல்லை, ஊகம்.

வெளியே தெரியாத செலவுகள் நிறைய. பல வண்டிகளில் இரண்டு சென்சார் இருக்கும், ஒன்று முள்ளுக்கு, இன்னொன்று ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), தப்பானதை மாற்றிவிட்டால் காசும் போய் கோளாறும் அப்படியே இருக்கும். மரை ஒன்றாக இருக்கிறதே என்று கடைக்காரர் வேறு வண்டியின் சென்சாரைக் கொடுத்தால் பொருந்தும், கசியாது, ஆனால் ரெசிஸ்டன்ஸ் வேறு என்பதால் முள் எப்போதும் ஒரு கோடு தள்ளியே நிற்கும், அந்தப் பொய்யை நீங்கள் நிஜம் என்று பழகிக்கொள்வீர்கள். ஒற்றை ஒயர் சென்சார் தன் எர்த்தை மரை வழியாகத்தான் எடுக்கிறது, அதில் கசியக்கூடாது என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளினால் எர்த் கெட்டு முள் குறைவாகக் காட்டும். மாற்றும்போது கூலன்ட் கொட்டும், உள்ளே காற்று புகும், அந்தக் காற்றை முழுவதும் வெளியேற்றாவிட்டால் நேற்று வரை இல்லாத ஓவர்ஹீட் இன்று வரும்.

எப்போது இதுவே சரி: சென்சார் வெளியே கசிகிறது, முனை துருப்பிடித்து உடைந்திருக்கிறது, அல்லது கீழே உள்ள சோதனைகளில் குற்றம் அதன் மேல்தான் என்று உறுதியாகிவிட்டது.

## வழி 2: ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்ப்பது

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சென்சாரில் ஒரே ஒயர் வரும் வண்டி என்றால், சாவி ஆன், இன்ஜின் ஆஃப். அந்த ஒயரைப் பிடுங்கினால் முள் சி-க்கு இறங்க வேண்டும். பிறகு அந்த ஒயரின் நுனியை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இடத்தில் தொட்டால் முள் எச் நோக்கி எழ வேண்டும், எழுந்ததும் எடுத்துவிடுங்கள், அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இரண்டு பக்கமும் முள் ஒழுங்காக நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நல்லது, சந்தேகம் சென்சாரின் மேலும் அதன் எர்த்தின் மேலும்தான். பிடுங்கியும் முள் எச்-லேயே நின்றால் ஒயர் வழியில் எங்கோ பாடியில் தொடுகிறது. எர்த்தில் தொட்டும் அசையாவிட்டால் ஒயர் அறுந்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், மீட்டரே போயிருக்கலாம். மீட்டர் போர்டு வரை ஒரு புது ஒயரை வெளியாக இழுத்து மறுபடி தொட்டுப் பாருங்கள், இப்போது முள் எழுந்தால் பழைய ஒயர்தான் குற்றவாளி, மீட்டரைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஓம்னி, ஏஸ் போன்றவற்றில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தபடியே இந்த வேலையைச் செய்யலாம்.

இதன் குறை, மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் இது சொல்லும், இன்ஜின் சூட்டைச் சொல்லாது. இன்னொன்று, இரண்டு மூன்று பின் உள்ள கப்ளர் வைத்த ஈசியூ வண்டிகளில் இப்படி எர்த்தில் தொடாதீர்கள். பின் தெரியாமல் எதையாவது ஷார்ட் செய்தால் சென்சார் கோளாறு ஈசியூ கோளாறாகிவிடும்.

எப்போது இதுவே சரி: பழைய ஒற்றை ஒயர் வண்டி, கையில் காசும் கருவியும் இல்லை, முள் செத்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறது.

## வழி 3: மல்டிமீட்டரும் வெந்நீரும்

சாதாரண மல்டிமீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். சென்சாரைக் கழற்றி ஒரு கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு முனையை டெர்மினலிலும் இன்னொன்றை சென்சாரின் உடம்பிலும் வைத்து, தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே ஓம் அளவைப் பார்க்க வேண்டும், இரண்டு பின் சென்சார் என்றால் இரண்டு பின்னிலும் வைக்க வேண்டும். ஈசியூ வகைச் சென்சார்கள் பலவற்றில் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ஓம் வரை இருக்கும், 80 டிகிரி வாக்கில் முந்நூறு ஓம் பக்கம் வந்துவிடும். முள்ளுக்கான பழைய சென்சார்களில் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவற்றில் எண்ணைவிட இறங்கும் விதத்தைப் பாருங்கள்: நிதானமாக, தடையில்லாமல் இறங்க வேண்டும், நடுவில் குதித்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ அது போய்விட்டது.

கொதிக்கும் தண்ணீரை 100 டிகிரி என்று எடுத்துக்கொள்வதில் நம் பக்கத்தில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி உயரத்தில் தண்ணீர் 98 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும், ஓசூரில் 97 வாக்கில். இந்தச் சோதனைக்கு அது பெரிய விஷயமில்லை, கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுபவர்கள் நினைவில் வைத்தால் போதும்.

கழற்றியதும் முனையைப் பாருங்கள். போர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும், அது சூட்டை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது, குடிக்க ஆகாத தண்ணீரை இன்ஜினுக்கு மட்டும் ஏன் ஊற்ற வேண்டும்? முனையில் அவ்வளவு படிந்திருந்தால் பிளாக்குக்கு உள்ளேயும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்திருக்கும், அப்படியானால் முள் காட்டிய சூடு உண்மையாகவே இருக்கலாம்.

எப்போது இதுவே சரி: வண்டி ஒரு நாள் எப்படியும் நிற்கப்போகிறது, சென்சார் விலை அதிகம், வாங்கும் முன் உறுதி வேண்டும்.

## வழி 4: ஐஆர் கன்

துப்பாக்கி மாதிரி நீட்டினால் சூட்டைக் காட்டும் கருவி, ஆயிரம் ரூபாய் வாக்கில் வாங்கலாம். முள்ளை நம்பாமல் உண்மைச் சூட்டைச் சொல்லும் முதல் வழி இது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிட்டு தெர்மோஸ்டாட் உட்காரும் இடத்தைக் குறிவையுங்கள். தெர்மோஸ்டாட் வால்வுகள் பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும், ஆகவே அந்த இடத்தில் 80, 85 காட்டி முள் எச்-ல் இருந்தால் முள் பொய். வெளிப்புறம் உள்ளே இருக்கும் கூலன்ட்டைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் காட்டும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பளபளப்பான அலுமினியத்தில் நேராக நீட்டினால் அளவு மிகக் குறைவாக வரும், "இன்ஜின் சூடே இல்லை" என்று தப்பாக முடிவெடுத்துவிடுவீர்கள். அந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பாருங்கள், அல்லது பக்கத்தில் உள்ள ரப்பர் ஹோஸில் பாருங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும்போது கையை உள்ளே நீட்ட வேண்டாம்.

இதன் பெரிய குறை, நின்ற வண்டியில்தான் அளக்க முடியும். ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் நோக்கி ஆளோடு ஏறும்போது மட்டும் சூடாகும் வண்டி, மேலே வந்து நிறுத்துவதற்குள் ஓரளவு ஆறிவிடும்.

எப்போது இதுவே சரி: முள் சி-யிலேயே கிடக்கும் வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் முன்னால் வைத்திருந்தவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தால் முள் காட்டும் குறைந்த சூடு உண்மை, மீட்டரில் ஒரு குறையும் இருக்காது. வால்வு இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராது, டீசல் அதிகம் குடிக்கும். சில இன்ஜின்களில் வால்வை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து, ஏற்றத்தில் உண்மையாகவே சூடாகும்.

## வழி 5: ஓபிடி ஸ்கேனர்

பிஎஸ்6 வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டி என்றால் மற்றதை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகினால் ஈசியூ படிக்கும் கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் போனில் ஓடும். சாதாரணக் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மலிவான சில கருவிகள் சில வண்டிகளோடு பேசாது, வாங்கும்போதே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் அருமை ஓடும் வண்டியில் பார்க்க முடிவதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறும்போது பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள், ஓட்டுபவர் போனைப் பார்க்க வேண்டாம். ஏற்றத்தில் மட்டும் எண் ஏறினால் ரேடியேட்டர் பக்கம், டோல்கேட் வரிசையில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் பக்கம். இன்னொன்று, புது வண்டிகள் பலவற்றில் முள்ளைக் கம்பெனியே நடுவில் நிற்கும்படி அமைத்திருக்கிறது, 80 டிகிரியானாலும் 100 ஆனாலும் முள் நகராது, நகரும்போது நிலைமை முற்றியிருக்கும். எண்ணாகப் பார்த்தால் அந்த ஏமாற்றம் இல்லை.

கோளாறு எண்களும் உதவும். பி0118 வந்து சூடு மைனஸ் 40 என்று காட்டினால் ஒயரோ கப்ளரோ விட்டுப்போயிருக்கிறது, பி0117 வந்து அளவுக்கு மீறிய சூடு காட்டினால் ஷார்ட், பி0128 என்றால் இன்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை, தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். ஸ்கேனரில் எண் சரியாக ஓடி முள் மட்டும் தப்பு என்றால், ஒற்றைச் சென்சார் வண்டியில் கோளாறு மீட்டர் போர்டில். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், இங்கே தெரிவதும் சென்சார் சொல்வதுதான், சென்சாரே மெல்லப் பிசகினால் ஸ்கேனரும் அதையேதான் காட்டும். காலையில் ஆறிய இன்ஜினில் கூலன்ட் சூடும் வெளிக்காற்றுச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால் அது வெளுத்துவிடும்.

## வழி 6: கடையில் விடுவது

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் நல்ல கைக்காரர் கிடைத்தால் மேலே சொன்னதையெல்லாம் அரை மணியில் முடித்துவிடுவார். போனதும் "சென்சார் மாத்துங்க" என்று சொல்லாமல் முள் எப்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் வேறு யோசனையே வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், ஒயரில் வெளியாள் கை வைத்தால் வாரண்டியில் வம்பு வரும். மற்றபடி அங்கே மீட்டர் போர்டு தனியாகப் பிரித்துப் பார்க்கப்படுவது அரிது, முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள், அதன் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## வழி 7: தனி மீட்டர் வைப்பது

பழைய மீட்டர் போர்டு கிடைக்காத வண்டிக்கு இது நல்ல தீர்வு. முனையிலிருந்து மீட்டர் வரை மெல்லிய குழாய் வரும் வகை மீட்டருக்குக் கரண்ட்டே வேண்டாம், எண்ணும் தெளிவாகத் தெரியும். ஆனால் அதன் முனையை மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் போட்டுத்தான் பொருத்த வேண்டியிருக்கும், அந்த இரண்டு கிளிப்பும் கசிவுக்குப் புதிய இடங்கள், குழாய் எங்காவது உரசி ஓட்டையானால் மீட்டர் முடிந்தது.

## ஒரே பார்வையில்

| வழி | சுமார் செலவு | உண்மைச் சூடு தெரியுமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| நேராகச் சென்சார் | சில நூறு, ஈசியூ வண்டியில் கூடும் | தெரியாது | தப்பான சென்சார், உள்ளே காற்று |
| ஒயர் சோதனை | இல்லை | தெரியாது | ஈசியூ வண்டியில் ஆபத்து |
| மல்டிமீட்டர் | 500க்குள் | தெரியாது | கூலன்ட், அரை நாள் |
| ஐஆர் கன் | 1,000 வாக்கில் | நின்ற வண்டியில் தெரியும் | பளபளப்பில் தப்பு அளவு |
| ஓபிடி | 1,000க்குள் | ஓடும்போதும் தெரியும் | சில வண்டிக்குப் பொருந்தாது |
| கடை | ஆளைப் பொறுத்து | கேட்டால் பார்ப்பார்கள் | லோடு போகும் நாள் |
| தனி மீட்டர் | சென்சாரைவிட அதிகம் | தெரியும் | புதிய கசிவு இடங்கள் |

## யாருக்கு எது

பழைய வண்டி, முள் எச்-ல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒயர் சோதனை, அதில் மீட்டர் தப்பித்தால் ஐஆர் கன்னில் உண்மைச் சூட்டைப் பார்த்துவிட்டுச் சென்சார். பழைய வண்டி, முள் சி-யை விட்டு எழவில்லை: முதலில் ஐஆர் கன், அது இன்ஜின் சூடாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் ஒயர் சோதனை, இன்ஜினே சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட். பிஎஸ்6 வண்டி என்றால் வாரண்டியைப் பார்த்துவிட்டு ஓபிடி. நான்கைந்து வண்டி வைத்து ஓட்டுபவர்கள் ஐஆர் கன்னும் ஓபிடியும் இரண்டையுமே வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு ஹெட் வேலை தப்பினாலே அந்தக் காசு வந்துவிடும்.

சோதனை முடியாத நிலையிலேயே லோடு ஏற்றிக் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் முள்ளை நம்பாதீர்கள், கிளம்பும் முன் கூலன்ட் அளவைப் பாருங்கள், ஏற்றத்துக்கு முன்பும் பின்பும் நிறுத்தி ஹோஸ், டப்பா, அடியில் ஒழுகல் பாருங்கள். ஆவி வந்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தி, அரை மணிக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட முடிகிறது என்றான பிறகு துணியை வைத்து மூடியை மெல்லத் திறங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விழுந்துவிடும்.